தீவில் நீந்தவும் ஸ்நார்க்கலிங் செய்யவும் கடற்கரையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

தீவில் நீந்தவும் ஸ்நார்க்கலிங் செய்யவும் (முகத்தை நீரில் கவிழ்த்து, குழாய் வழியாக மூச்சு விட்டபடி மீன் பார்ப்பது) போகிறவர்களில் பலர் முதலில் படத்தைப் பார்த்து ஒரு கடற்கரையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் அறை போடுகிறார்கள். போய் இறங்கிய பிறகுதான் "இங்கே கடலில் இறங்கலாமா?" என்று கேட்கிறார்கள். வரிசையே தலைகீழ். அந்தப் படத்தை எடுத்த மாதம் வேறு, காற்று வேறு, ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) வேறு.

வேலை செய்கிற வரிசை இது: மாதம், காற்று, அலை, கடலடி, ஓதம், நீரோட்டம். கடற்கரையின் பெயர் கடைசியில்தான் வரும். இதில் முதலில் வருவது தப்பினால், பின்னால் வருவது எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. அருமையான பவளப்பாறை இருக்கும், ஆனால் அந்த மாதம் முழுக்க காற்று நேராக அதன்மேல்தான் அடித்துக்கொண்டிருக்கும். எனவே கீழே உள்ள படிகளை முன்பின் மாற்றாமல் பாருங்கள்.

## 1. கிளம்பும் முன் கையில் வேண்டியவை

மூன்று தகவல்கள் வேண்டும்: தீவின் செயற்கைக்கோள் படம், காற்றும் அலையும் காட்டும் முன்னறிவிப்பு, ஓத அட்டவணை. கூகுள் எர்த், விண்டி போன்ற செயலிகளில் முதல் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். ஓத அட்டவணையை, போகும் தீவுக்கு மிக அருகில் உள்ள துறைமுகத்துக்கானதாகப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் தள்ளி உள்ள நகரத்தின் நேரம் உங்கள் விரிகுடாவுக்குப் பொருந்தாமல் போகலாம்.

பொருள்களில் ஒன்றே ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்குங்கள் என்பேன்: கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ், லைஃப் ஜாக்கெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். மாஸ்க் முகத்துக்கு முகம் மாறும். அது பொருந்தவில்லை என்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கரையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

இதோடு உங்கள் நீச்சல் எந்த அளவு என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் தீர்மானியுங்கள். மல்லாந்து படுத்து இரண்டு நிமிடம் அசையாமல் மிதக்க முடிகிறதா? எதையும் பிடிக்காமல், நிற்காமல் 200 மீட்டர் நீந்த முடிகிறதா? இரண்டில் ஒன்றுக்குப் பதில் "இல்லை" என்றாலும், கால் எட்டும் ஆழத்தில், லைஃப் ஜாக்கெட்டோடு, துணைக்கு ஒருவருடன் மட்டும் என்று முடிவு செய்துகொண்டு அதற்கேற்ற கடற்கரையைத் தேடுங்கள். அப்படிப்பட்ட இடங்களிலும் மீன் நிறையவே தெரியும்.

## 2. நீச்சலுக்கா, ஸ்நார்க்கலிங்குக்கா என்று முதலில் பிரியுங்கள்

இரண்டுக்கும் ஒரே கடற்கரை அமைவது அபூர்வம். நீச்சலுக்கு வேண்டியது மெல்லச் சரியும் மணல் தரை, கல் இல்லாத இறங்குமிடம், தணிந்த அலை. வெறும் மணலில் பார்க்க ஒன்றும் இருக்காது. மீன் இருக்கிற இடம் பாறை, பவளம், கடல்புல். அங்கே காலை ஊன்றி நிற்கவே கூடாது.

இரண்டும் வேண்டும் என்றால் நடுவில் மணலும் இரு ஓரங்களில் பாறை முனையும் உள்ள சிறு விரிகுடாவைத் தேடுங்கள். நடுவில் இறங்கி, ஓரத்துக்கு நீந்திப் போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி நடுவிலேயே ஏறலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது.

ஒரு சின்ன அடையாளம்: சரிவு செங்குத்தாக, மணல் நறநறவென்று பெரிய துகளாக இருந்தால் அலை கரையை ஒட்டியே உடையும். அப்படிப்பட்ட இடத்தில் முழங்கால் ஆழத்தில் நிற்பவரைக்கூட அலை தூக்கித் தரையில் அறையும். கழுத்து, தோள் காயங்கள் இப்படித்தான் வருகின்றன. பொடி மணல், மெல்லிய சரிவு என்றால் அலை தூரத்திலேயே உடைந்து களைத்துப்போய் வந்து சேரும்.

## 3. மாதத்தையும் காற்றையும் வைத்துத் தீவின் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். தீவு என்றாலே ஒரு பக்கம் காற்றை வாங்கும், மறுபக்கம் மறைவில் இருக்கும். காற்று வாங்கும் பக்கத்தில் அலை எழும், மணல் கலங்கும், மிதக்கும் குப்பையும் ஜெல்லிமீனும் ஒதுங்கும். மறைவுப் பக்கத்தில் அதே நாளில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இந்த வித்தியாசம் வந்துவிடும்.

காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்பது பெரும்பாலும் ஊகமில்லை, காலண்டர். வட இந்தியப் பெருங்கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. தோராயமாக நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கு. அதனால்தான் இலங்கையில் ஹிக்கடுவை போன்ற தென்மேற்குக் கரைகள் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெளிந்திருக்கும். திருகோணமலைக்கு அருகில் உள்ள புறாத்தீவுக்கு மே முதல் செப்டம்பர் வரை போவார்கள். ஒரே தீவு, எதிரெதிர் பருவம். தாய்லாந்திலும் மேற்குப் பக்கத்துச் சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைக்கிறார்கள்.

வெப்பமண்டலத்தில் பருவக்காற்று இல்லாத கடல்களில் வணிகக் காற்று ஆள்கிறது. வடகோளத்தில் அது வடகிழக்கிலிருந்தும் தென்கோளத்தில் தென்கிழக்கிலிருந்தும் வரும். கரீபியத்தில் பார்படோஸின் கிழக்குக் கரை கொந்தளிக்கும், மேற்குக் கரை அமைதியாக இருக்கும். பொனேர் தீவில் கரையிலிருந்தே இறங்கும் இடங்கள் பெரும்பாலும் மேற்குப் பக்கத்தில்தான். சாலையோரத்தில் மஞ்சள் பூசிய கற்கள் அவற்றைக் காட்டும். 2011 முதல் கரீபியத்தில் மிதந்து வந்து குவியும் சர்காசம் கடற்பாசியும் காற்று வாங்கும் பக்கத்தையே முதலில் மூடுகிறது. கிரேக்கத்தின் ஏஜியன் தீவுகளில் ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று வீசும். அப்போது தெற்கு நோக்கிய விரிகுடாக்களைப் பாருங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு. தீவில் உயர்ந்த மலை இருந்தால், காற்று அதன்மேல் ஏறி மறுபக்கம் திடீர் வீச்சுகளாக இறங்கும். மறைவுப் பக்கம் என்று நம்பிப் போனால் நெற்றியில் மணல் அடிக்கும்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று தண்ணீரைத் தட்டையாக்கிக் காட்டும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதே காற்று உங்களையும் வெளியே தள்ளிக்கொண்டு போகும். காற்றடைத்த மெத்தை, டியூப் மீது படுத்திருப்பவர் தூங்கி எழுவதற்குள் கரை சின்னதாகிவிடும். காற்று கரையிலிருந்து வீசும் நாளில் மிதவைப் பொம்மைகளைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

எண்ணாக வேண்டும் என்றால்: காற்று மணிக்கு 18 கிலோமீட்டருக்குள் இருந்தால் புதியவருக்கு நல்லது. 28-ஐத் தாண்டினால் தண்ணீர் கொந்தளிக்கும், ஸ்நார்க்கல் குழாய்க்குள் ஓயாமல் உப்புநீர் வரும். அப்போது வேறு பக்கம் போங்கள், இல்லை அன்று நடக்கப் போங்கள்.

## 4. அலையின் உயரத்தோடு இடைவெளியையும் பாருங்கள்

முன்னறிவிப்பில் "அலை 1 மீட்டர்" என்று பார்த்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் விநாடியில் இன்னொரு எண் இருக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி அது. 5, 6 விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய சிற்றலை. 14 விநாடிக்கு மேல் என்றால் எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் புயலில் பிறந்து வந்த அலை. அதே 1 மீட்டர்தான், ஆனால் சுமந்து வரும் சக்தி இரண்டு மடங்குக்கும் மேல். கரைக்கு வரும்போது அது எழும்பி நிற்கும்.

நீண்ட இடைவெளி அலைக்கு இன்னொரு குணமும் உண்டு: தீவைச் சுற்றி வளைந்து மறைவுப் பக்கத்துக்கும் வந்துவிடும். "காற்றே இல்லையே, ஏன் அலை இப்படி?" என்று வியப்பதற்குக் காரணம் இதுதான். தென்னிந்தியக் கரைகளில் கள்ளக்கடல் என்று எச்சரிக்கை விடுவது இந்த வகைக்குத்தான்.

பருவமும் இங்கே பேசும். ஹவாயில் ஒவாகு தீவின் வடகரை குளிர்காலத்தில் உலகின் பெரிய அலைகள் வரும் இடம்; கோடையில் அதே கரையில் ஸ்நார்க்கலிங் செய்கிறார்கள். இதைத் தெரியாமல் ஜூலைப் படத்தைப் பார்த்து ஜனவரியில் போய் நிற்பவர்கள் உண்டு.

புதியவருக்கு என் அளவுகோல்: கரையில் உடையும் அலை முழங்காலுக்கு மேல் வந்தால் அது ஸ்நார்க்கலிங் நாள் இல்லை.

## 5. மேலிருந்து கடலடியைப் படியுங்கள்

இப்போது செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, நீங்கள் முடிவு செய்த பக்கத்தை மட்டும் பெரிதாக்குங்கள். நிறங்களைப் படிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வெளிர் பச்சை-நீலம் ஆழமில்லாத மணல். அதற்குள் பழுப்புத் திட்டுகள் பவளமோ கடல்புல்லோ. ஓரம் கரடுமுரடாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் பவளம், மழுமழுவென்று பரவியிருந்தால் பெரும்பாலும் புல். கருநீலம் ஆழம். கரைக்கு இணையாக ஓடும் வெள்ளைக் கோடு, பாறை விளிம்பில் அலை உடையும் இடம். அந்தக் கோட்டுக்கும் கரைக்கும் நடுவில்தான் உங்கள் இடம். கோட்டுக்கு வெளியே போவது அனுபவம் உள்ளவர்களுக்கும் வழிகாட்டியோடு போகிறவர்களுக்கும்.

கரையிலிருந்து பழுப்புத் திட்டின் ஓரம் எவ்வளவு தூரம் என்று அளவுகோல் கருவியால் அளங்கள். 100 மீட்டருக்குள் என்றால் கரையிலிருந்தே போகலாம். 300 மீட்டர் என்றால் போய் வருவதே 600. படகு இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

பழுப்பு நிறம் கரையிலிருந்தே தொடங்கினால் அது பாறைத் தட்டு. நடுவில் எங்காவது வெளிர் நிற மணல் ஓடை கடலுக்குள் போகிறதா என்று தேடுங்கள். அந்த ஓடைதான் நீங்கள் இறங்கி ஏறும் வாசல். அது இல்லாத தட்டில் இறங்குவது பவளத்துக்கும் கேடு, பாதத்துக்கும் கேடு.

ஆற்று வாயும் கழிமுகமும் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கம் கலங்கலாகவும் அழுக்காகவும் இருக்கும். வெப்பமண்டலத்தில் அலையாத்திக் காடு ஒட்டிய ஓடைகள் வேறு வகை ஆபத்து: அந்தமானிலும் வட ஆஸ்திரேலியாவிலும் உப்புநீர் முதலைகள் அங்கேதான். எச்சரிக்கைப் பலகை இருந்தால் விவாதம் வேண்டாம்.

வட்டப் பவளத் தீவுகளில் கணக்கு எளிது. லட்சத்தீவில் பெரும்பாலான தீவுகள் பவள வளையத்தின் கிழக்கு ஓரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. லகூன் (வளையத்துக்குள் அடங்கிய ஆழமில்லாத கடல்) மேற்கே விரிந்திருக்கும். நீந்த, பழக, குழந்தைகளோடு இறங்க அந்த மேற்குப் பக்கம். கிழக்குப் பக்கம் கொஞ்ச தூரத்திலேயே ஆழத்துக்கு விழும்.

படம் பவளம் இருக்கிறது என்று சொல்லும், உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய பவள வெளுப்பு (கடல் சூட்டால் பவளம் நிறமிழந்து நலிவது) அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட "வண்ணமயமான பவளத் தோட்டம்" வருணனைகளை அப்படியே நம்ப வேண்டாம். அண்மையில் நீருக்குள் எடுத்த படங்களைத் தேதியோடு பாருங்கள். பவளம் செத்த இடத்திலும் மீன் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல்முறை போகிறவருக்கு அது போதும்.

## 6. ஓதத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள்

இடம் முடிவானது. இனி மணி. பெரும்பாலான கடல்களில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறே கால் மணி நேரம். தாய்லாந்து வளைகுடாவின் பல பகுதிகளில் நாளுக்கு ஒன்றுதான். கரீபியத்திலும் மத்தியதரைக் கடலின் பெரும்பாலான இடங்களிலும் ஏற்ற இறக்கம் அரை மீட்டரைத் தாண்டாது; அங்கே இந்தப் படியை வேகமாகக் கடக்கலாம். அந்தமான் போன்ற இடங்களில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

வற்றத்தில் பாறைத் தட்டு வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் போய்விடும். அப்போது நடக்கும் காட்சி எப்போதும் ஒன்றுதான்: ஃபின்ஸ் மாட்டிய ஒருவர் முழங்கால் தண்ணீரில் தத்தித் தத்திப் போவார். படுத்தால் வயிறு பவளத்தில் உரசும், எழுந்தால் அதன்மேல் நிற்க வேண்டும். நாலடி போவதற்குள் ஒரு ஃபின் கழன்றுவிடும். அதை எடுக்கக் குனிந்து, ஊன்றிய கையைக் கிழித்துக்கொள்வார். அதே இடத்தில் நாலு மணி நேரம் கழித்து ஒன்றரை மீட்டர் தண்ணீர் நின்றிருக்கும்.

எனவே தட்டுப்பாறை உள்ள இடத்தில் உச்ச ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இறங்கி, அது முடிந்து ஒரு மணிக்குள் ஏறிவிடுங்கள். காரணம் மூன்று. ஆழம் போதும். வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வந்திருக்கும்; இறங்கும் ஓதமோ லகூனின் கலங்கலை வெளியே இழுத்து வரும். உச்சத்தை ஒட்டி நீரோட்டமும் ஓய்ந்திருக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில்தான் மொத்தத் தண்ணீரில் பாதி நகர்கிறது. இழுப்பு அப்போதுதான் அதிகம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், நீரோட்டமும் வலுக்கும். அஷ்டமியை ஒட்டி இரண்டும் தணியும். தேதியைத் தள்ளிப்போட வசதி இருந்தால் புதியவர்கள் அஷ்டமிப் பக்கம் பயணத்தை வைப்பது நல்லது.

நீச்சலுக்கு மட்டும் என்றால் இவ்வளவு பார்க்க வேண்டாம். மணல் கரையில் பாதி ஏற்றமே போதும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை காலை 9 முதல் 11 வரை சிறப்பு. வெயில் நீருக்குள் இறங்கும் அளவுக்கு உயர்ந்திருக்கும், பகல் காற்று இன்னும் எழுந்திருக்காது. ஓத ஏற்றமும் அந்த நேரத்தில் வரும் நாளை அட்டவணையில் தேடி, அந்த நாளை ஸ்நார்க்கலிங்குக்கு ஒதுக்குங்கள்.

## 7. நீரோட்டத்தின் வாய்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

அலை பவள விளிம்பைத் தாண்டித் தண்ணீரை உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும். கொட்டிய தண்ணீர் எங்காவது வெளியே போயாக வேண்டும். அது போகிற வழிதான் பவள வளையத்தில் உள்ள இடைவெளி. படத்தில் வெள்ளைக் கோடு அறுந்து கருநீலமாகத் தெரியும் இடம் அது. அலை இல்லாததால் அமைதியாகத் தோன்றும். புதியவர்கள் நேராக அங்கேயே போவார்கள். இறங்கும் ஓதத்தில் அந்த வாய் ஆறுபோல ஓடும். அதிலிருந்து குறைந்தது 200 மீட்டர் தள்ளி இறங்குங்கள்.

மணல் கரையிலும் இதே கதை உண்டு. அலை வரிசையில் ஓரிடத்தில் மட்டும் நுரை இல்லாமல் கருத்துத் தெரிந்தால், நுரையும் கலங்கலும் அங்கே கடலை நோக்கி நகர்ந்தால், அது இழுவை நீரோட்டம். வலுத்தால் விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகும். ஒலிம்பிக் நீச்சல்காரரின் வேகமே அவ்வளவுதான். எதிர்த்து நீந்தி யாரும் ஜெயிப்பதில்லை.

இரண்டு தீவுகளுக்கு நடுவில் உள்ள ஒடுங்கிய கால்வாய்கள், நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் இவற்றிலும் ஓட்டம் வேகம் பிடிக்கும். பாலிக்குப் பக்கத்தில் நூசா பெனிடா இதற்குப் பேர்போனது. அங்கே கரையிலிருந்து தனியாக இறங்குவதை விட்டுவிட்டு, படகோடு, வழிகாட்டியோடு போங்கள்.

## 8. பட்டியலை இரண்டாகக் குறையுங்கள்

இதுவரை தேறிய கடற்கரைகளில் உயிர்காப்பாளர் இருக்கும் இடத்துக்கு முன்னுரிமை. சிவப்பும் மஞ்சளும் பாதிப் பாதியாக உள்ள இரண்டு கொடிகள் நட்டிருந்தால், நடுவில் நீந்துங்கள். சிவப்புக் கொடி: அபாயம், இறங்க வேண்டாம். ஊதாக் கொடி: கொட்டும் உயிரினங்கள் வந்திருக்கின்றன. நீலக்கொடி விருது பெற்ற கடற்கரை என்பது சுத்தம், வசதி, பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கான சான்று. இன்றைக்கு அலை எப்படி என்று அது சொல்லாது.

மோட்டார் படகுகளும் ஜெட் ஸ்கீயும் ஓடும் இடம் ஸ்நார்க்கலிங்குக்கு ஆகாது. மிதவைக் கயிறு கட்டிப் பிரித்திருந்தால் சரி.

உயிரினங்களைப் பற்றி ஊர்க்காரர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மாதம் என்ன கொட்டும்?" வட ஆஸ்திரேலியாவில் நவம்பர் முதல் மே வரை பெட்டி ஜெல்லிமீன் காலம், உடல் மூடிய உடையும் வினிகரும் அங்கே அவசியம். பாறை இடங்களில் முள் நிறைந்த கடல் முள்ளெலியும் கல்மீனும் இருக்கலாம், ரப்பர் அடி வைத்த காலணி போடுங்கள். கூம்பு வடிவச் சங்கைக் கையில் எடுக்கவே வேண்டாம்; சில வகைகளின் விஷம் ஆளைக் கொல்லும்.

விதிகளையும் பாருங்கள். ஹவாயில், பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனை 2021 முதல் தடை. பலாவ் 2020-லேயே தடை கொண்டுவந்தது. முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் பூச வேண்டியதே பாதியாகக் குறையும். ஸ்நார்க்கலிங்கில் முதுகும் முழங்கால் பின்பக்கமும்தான் முதலில் வேகும்.

கடைசியில் இரண்டு பெயரை எழுதுங்கள்: ஒன்று நீங்கள் தேர்ந்த பக்கத்தில், இன்னொன்று தீவின் எதிர்ப்பக்கத்தில். காற்று ஒருநாள் திரும்பினால் இரண்டாவது கைகொடுக்கும்.

## 9. கரையில் 15 நிமிடம் சும்மா நில்லுங்கள்

போனதும் உடை மாற்றாதீர்கள். முதலில் உயரமான ஓர் இடத்தில் நின்று பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும். நாலைந்து பெரிய அலை வந்த பின் பல நிமிடம் ஓய்வு இருக்கும். அந்த ஓய்வில் வந்து சேர்ந்தவர் "கடல் அமைதி" என்று முடிவு கட்டிவிடுகிறார். 15 நிமிடம் நின்றால் ஒரு பெரிய கூட்டத்தையாவது பார்த்துவிடுவீர்கள்.

மிதக்கும் ஒரு நுரைத் திட்டையோ இலையையோ குறிவைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் நகர்கிறது? அதுதான் இன்றைய ஓட்டம்.

ஏறும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், இறங்கும் இடத்தைப் பிறகு. இறங்குவது எப்போதும் எளிது. களைத்த பிறகு, அலை முதுகில் தள்ளும்போது ஏறுவதுதான் கடினம். ஏறும் இடத்துக்கு நேரே கரையில் ஓர் உயரமான மரத்தையோ கட்டடத்தையோ அடையாளம் வையுங்கள். நீர் மட்டத்திலிருந்து பார்த்தால் கரை முழுக்க ஒரே மாதிரி இருக்கும், கரையில் விரித்த துண்டெல்லாம் தெரியாது.

## 10. முழங்கால் ஆழத்தில் கருவியைச் சோதியுங்கள்

மாஸ்கை வார் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. கசிந்தால் எல்லோரும் வாரை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க ஓரம் மடிந்து இன்னும் கசியும். பெரும்பாலும் குற்றவாளி சிலிக்கோன் ஓரத்துக்குள் மாட்டிய ஒரு கொத்து முடிதான். மீசை இருந்தால் மூக்குக்குக் கீழே கொஞ்சம் வாஸ்லின்.

புதுக் கண்ணாடியில் உற்பத்தியின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். பற்பசையை உள்பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பனி படர்ந்துகொண்டே இருக்கும். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கை நான் பரிந்துரைப்பதில்லை. தண்ணீர் புகுந்தால் சட்டென்று துப்பிவிட முடியாது, அவசரத்தில் கழற்றவும் நேரமாகும்.

நின்றபடி முகத்தை மட்டும் நீரில் வைத்து, குழாய் வழியாக மெதுவாக மூச்சு விட்டுப் பழகுங்கள். மூச்சு சீராகும் வரை காலைத் தூக்காதீர்கள். குழாயில் தண்ணீர் வந்தால் "தூ" என்று பலமாக ஊதுங்கள், வெளியே போய்விடும். இதை வேண்டுமென்றே நாலைந்து முறை செய்து பார்த்துக்கொண்டால் ஆழத்தில் பதற்றம் வராது.

ஃபின்ஸை இடுப்பளவு தண்ணீரில் மாட்டுங்கள். கரையில் மாட்டி நடந்தே ஆக வேண்டும் என்றால் பின்பக்கமாக நடங்கள். மணல் தரையில் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்துப் போனால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிவிடும்.

## 11. முதல் ஐந்து நிமிடமும் திரும்பும் முடிவும்

நெஞ்சளவு தண்ணீரில், அசையாத ஒரு கல்லுக்கு நேராக முகம் கவிழ்ந்து மிதங்கள். கை கால் ஆட்டாமல் ஒரு நிமிடம். பிறகு கல் எங்கே என்று பாருங்கள். ஐந்தாறு மீட்டர் நகர்ந்திருந்தால் பரவாயில்லை. 15 மீட்டருக்கு மேல் போயிருந்தால் அன்று அந்த இடம் புதியவருக்கு இல்லை. ஃபின்ஸ் போட்ட சாதாரண ஆள் களைக்காமல் நீந்துவது விநாடிக்கு அரை மீட்டர் அளவில்தான். அதில் பாதியை ஓட்டம் தின்றுவிட்டால் திரும்பிவரும் தெம்பு மிஞ்சாது.

ஓட்டம் இலேசாக இருந்தாலும் முதலில் அதை எதிர்த்துப் போங்கள். போகும்போது தெம்பு இருக்கும், களைத்துத் திரும்பும்போது ஓட்டமே தள்ளிவிடும். மீனைப் பார்த்துக்கொண்டே ஓட்டத்தோடு போகிறவர், தலையைத் தூக்கும்போதுதான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அதிர்கிறார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் கரையின் அடையாளத்தையும் துணைக்கு வந்தவரையும் பாருங்கள்.

உடல் நடுங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, பாதி தெம்பு தீர்ந்ததாகத் தோன்றினாலோ திரும்புங்கள். மூச்சுத் திணறலைக் களைப்பு என்று தள்ளிவிடாமல் உடனே மல்லாந்து படுத்துக் கை அசையுங்கள்.

இழுவையில் மாட்டினால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். மிதங்கள், மூச்சைச் சேருங்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். பவள வாய் வழியாக வெளியே போய்விட்டால், அந்த ஓட்டம் ஆழத்தில் விரிந்து தளரும். அலை உடையும் பாறை விளிம்பு வழியாக உள்ளே வர முயல வேண்டாம். மிதந்துகொண்டு கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

கல்மீன், திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காயத்தை வைத்தபடி மருத்துவரிடம் போங்கள். பவளக் கீறலைச் சோப்பு போட்டு நல்ல தண்ணீரில் உடனே கழுவுங்கள். சின்னக் கீறல்தானே என்று விட்டால் சீழ் பிடிக்கும்.

## 12. மறுநாளுக்கு நேரத்தை மாற்றுங்கள்

நேற்று காலை 9 மணிக்கு அருமையாக இருந்ததே என்று இன்றும் 9 மணிக்கே போகாதீர்கள். ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நாலு நாளில் அது மூன்று மணி நேரத்துக்கு மேல் வித்தியாசமாகி, முதல் நாள் நீச்சல் குளமாக இருந்த இடம் பாறைத் தட்டாக வெளியே கிடக்கும். முந்தின இரவே மறுநாள் காற்றுத் திசை, அலை இடைவெளி, ஏற்ற நேரம் மூன்றையும் ஒரு வரியில் எழுதி, இரண்டு கடற்கரைகளில் எது என்று குறித்துவிட்டுப் படுங்கள். ஓத நேரம் பொருந்தாத நாளில் ஸ்நார்க்கலிங்கை விட்டுவிட்டு மணல் கரையில் நீந்தலாம்.